பதவி எனக்கு, நாற்காலி அவருக்கு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தம்பியின் பள்ளிக் கூட்டங்களுக்கு அம்மாவோடு நானும் போவேன். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நாங்கள் குடியேறியிருந்த செயின்ட்-மிஷேலில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த பஷ்தூன் பெண்ணுக்கு அப்படித் துணை தேவைப்படவில்லை. என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுவாள். அந்த வருடம் பள்ளி நிர்வாகக் குழுவுக்குப் பெற்றோர் சார்பில் நிற்க ஆசைப்பட்டாள்.

"ஆசை என்னுடையது. முடிவு அவர்களுடையது," என்று தன் வீட்டு வரவேற்பறையைக் கண்ணால் காட்டினாள். அங்கே மாமனாரும் கணவரும் கணவரின் அண்ணனும் கம்பளத்தில் உட்கார்ந்து அவளைப் பற்றித்தான் பேசினார்கள். ஊரில் ஆண்கள் கூடித் தீர்ப்புச் சொல்லும் ஜிர்காவின் சின்ன வடிவம். நாங்கள் குசினியில், அடுப்புப் பக்கம் நின்றோம்.

"ஜிர்காவில் பெண்ணுக்கு இடமே இல்லையா?"

"ஏன் இல்லை? தேநீர் ஆறினால் முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்."

தட்டோடு போனவள் முடிவோடு வந்தாள். நிற்கலாம். ஆனால் பெயரைச் சொல்லக்கூடாது. வென்றால் கூட்டங்களுக்குக் கணவர் போவார். "பதவி எனக்கு, நாற்காலி அவருக்கு," என்றாள்.

பெண்ணின் பெயர் வெளி ஆண்களின் காதில் விழுவது அவர்கள் வீட்டில் மானக்கேடு. ஊரில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா மாகாண சபைக்கு நின்றபோது, சுவரொட்டியில் இன்னாரின் மனைவி என்று மட்டும் போட்டார்களாம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. "ரோஜாவுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?" என்றாள்.

செப்டம்பரில், பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் தேர்தல். நிற்பவர்கள் எழுந்து பெயர் சொல்லவேண்டும். அவள் முறை வந்ததும் கணவர் எழுந்தார். "என் மூத்த மகனின் தாய் நிற்கிறார்."

"நல்லது. அவருடைய பெயர்?" என்றார் தலைமை தாங்கிய பெண்மணி.

கணவர் அதையே திருப்பிச் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவள் எழுந்தாள். தன் பெயரைச் சொன்னாள். பிறகு தகப்பன் பெயரை. அத்தனை ஆண்கள் முன்னால், நிதானமாக. "பனிக்காலத்தில் மணி அடிக்கும்வரை பிள்ளைகள் முற்றத்தில் நிற்கிறார்கள். கதவை முன்பே திறக்கவேண்டும். அதைக் கேட்க நான் வருவேன். நானே வருவேன்."

எனக்குப் புல்லரித்தது. எத்தனை பரீட்சைத் தாளில் என் பெயரைப் பெருமையோடு எழுதியிருக்கிறேன்! ஒரு பெயரைச் சொல்வதற்கு இவ்வளவு துணிவு வேண்டியிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"என்னவாம் பிள்ளை?" என்று அம்மா என்னை இடித்தார்.

"தன்ர பேரைச் சொன்னவ, அம்மா."

"அதுக்கேன் நீ அழுறாய்?"

"பேந்து சொல்லுறன். இப்ப கையைத் தூக்குங்கோ."

அம்மா தூக்கினார். கூடத்தில் பாதிக்கு மேல் கைகள் எழுந்தன. அவள் வென்றாள்.

திரும்பும்போது கணவர் வழக்கம்போல முன்னால் நடந்தார். "முதல் கூட்டம் எப்போது என்றார்கள்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் வாய் திறக்கமுன் அவர் திரும்பாமலே பதில் சொன்னார்:

"புதன்கிழமை. நீ போ. பிள்ளைகளை நான் பார்க்கிறேன்."

"உங்கள் அண்ணனுக்கு என்ன சொல்வீர்கள்?"

அவர் நடையைக் குறைத்தார். நாங்கள் மூவரும் அவரை எட்டிவிட்டோம்.