சுவரில் பதிந்த கை

ஐந்தருவிச் சாலையில் இடிக்கப்போகிற பழைய லாட்ஜைப் படமெடுக்க நுழைந்ததும் நல்லெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. அப்பா இங்கேதான் மேனேஜராக இருந்தார். சாரல் காலத்தில், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்புகிறவர்கள் இருட்டு வராந்தாவில் சுவரைப் பிடித்தபடியே போவார்கள். சீசன் முடிந்து அப்பா எத்தனை முறை வெள்ளையடித்தாலும், அடுத்த சாரலின் ஈரத்தில் அந்த எண்ணெய்க் கைத்தடங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும்.

ஏழு வயதில், ஏழாம் நம்பர் அறைக்குப் பக்கத்தில், நானும் ஒன்று பதித்தேன்.

"ஏட்டி, சுவத்துல கைய வைக்காதன்னு எத்தன தடவ சொல்லுதது?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

இன்றும் அது அங்கேயே, என் இடுப்புயரத்தில் இருந்தது. காமிராவைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன்.

விரல் விரலாகப் பொருந்தியது. என்னோடு சேர்ந்து அதுவும் வளர்ந்திருந்தது.