குழந்தை இயேசுவின் கையிலிருந்த உலகம்

சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டினால் இன்றும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. டீச்சராக முப்பது வருஷம் தள்ளியவள் சொல்லக்கூடிய பேச்சா இது! அறுபத்தெட்டாம் வருஷம், ஒன்பது வயதில், கிறிஸ்துமஸுக்காகக் கடலூர் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பீடத்தில் நின்ற குழந்தை இயேசு சிலையின் ('சுரூபம்' என்போம்) கையிலிருந்த உலக உருண்டையை 'டக்'கென்று ஒடித்துவிட்டேன். நெல்லிக்காய் அளவுதான், நீல வர்ணம். தரையில் விழுந்ததில் ஒரு பக்கம் பெயர்ந்து சாக்பீஸ் தூள் மாதிரி வெள்ளை மாவாகிவிட்டது. மாவைக் கூட்டித் தள்ளிவிட்டு, உருண்டையைப் பென்சில் டப்பாவில் ஒளித்தேன். காலிக் கை சுவரைப் பார்க்கும்படி சுரூபத்தைத் திருப்பி வைத்தேன்.

அடி வாங்குவது எனக்குப் பழக்கம்தான். என் பயம் வேறு. தினமும் செபமாலை முடிந்ததும் அம்மா அந்தச் சுரூபத்தைக் காட்டி, "ஒலகத்தையே கையில தாங்குறாரு பாரு, அவரு கை அசந்தா நம்ம கதி என்னா?" என்பாள். சர்வேசுரன் அசராமல் பிடித்திருந்ததை நான் ஒரு கந்தல் துணியால் தட்டிவிட்டேனே! கடலூரும் சிதம்பரமும் புவனகிரியும் என்னால் விழப்போகின்றன என்று உறுதியாக நம்பினேன்.

போதாக்குறைக்கு, அந்தக் கிறிஸ்துமஸுக்கு மூன்று பேர் ராக்கெட்டில் நிலாவைச் சுற்றிவந்தார்கள். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வேலைக்குப் போய்வந்த அப்பா, "அங்கேருந்து பாத்தா நம்ம ஒலகம் உருண்டையா தெரியுமாம்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். என் குட்டு வெளிப்படப்போகிறதென்று பயந்து, நான் முறுக்கைக்கூடத் தொடவில்லை.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று, கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அப்பா பேப்பரை விரித்தார். ராக்கெட்டில் போனவர்கள் எடுத்த படம்: கன்னங்கரேலென்ற வானத்தில் உலகம். அதில் ஒரு பக்கத்தைக் காணோம்.

"நான்தாம்ப்பா ஒடச்சேன்!" என்று ஓவென அழுதபடி உருண்டையைக் கொண்டுவந்து படத்தின் மேல் வைத்தேன்.

அம்மா உருண்டையைக் கையில் எடுத்தாள். "அடிப்பாவி! நான் தொடைக்கிறப்ப ஒடச்சிட்டேன்னு நெனச்சு, கோயில் சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனமே பண்ணிட்டு வந்தேன்டி!" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒலகம் ஒடையல கண்ணு. வெயில் படாத பக்கம் இருட்டா இருக்கு, அவ்ளோதான்," என்றார் அப்பா. "நெலாவுக்குப் போனவங்க அங்கேருந்து பைபிள்ல ஆண்டவரு ஒலகத்தைப் படைச்ச எடத்தைப் படிச்சாங்களாம்."

எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் படத்தை மேலும் கீழும் தேடினேன். "தாங்குற கை எங்கப்பா?"

அப்பாவும் குனிந்து படத்தில் தேடினார். அம்மாதான், "கை தெரிஞ்சாத்தானா? நீ ஒடச்சும் விழலியே, பாத்தியா?" என்றாள்.

பெரியவளான பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நான் விசுவாசித்தது அன்றைக்குத்தான்.

அந்த வீடு இல்லை, பேப்பர் செல்லரித்துப் போயிற்று, அம்மாவும் அப்பாவும் கல்லறைத் தோட்டத்தில். சிதம்பரத்தில் என் வீட்டு அலமாரியில் சுரூபம் நிற்கிறது. உருண்டை பக்கத்திலேயே கிடக்கிறது. ஒட்டித் தருவதாகப் பலரும் சொல்லிப் பார்த்தார்கள். வேண்டாமென்று விட்டுவிட்டேன். இத்தனை வருஷமாகக் கை காலிதான், உலகம் விழவில்லை.