மருமகனுக்கு நின்ற பிணை

தடைசெய்த வலையோடு களப்பில் மீன் பிடித்த தம்பியைப் பொலிஸ் பிடித்துவிட்டது. மறுநாள் காலை புத்தளம் நீதிமன்ற வாசலில், நாலு பேரிடம் விசாரித்துப் பிடித்த சட்டத்தரணி முன்னால், வேன் நிறைய வந்த சனமெல்லாம் நின்றோம். தம்பியை மறியலுக்கு அனுப்பிச் சிறையில் போட்டுவிடுவார்களோ என்பதே என் பயம்.

"சரீரப் பிணை கேட்கப் போறன். இப்ப காசு கட்டத் தேவையில்ல, ரெண்டு பேர் கையெழுத்து வைக்கணும். வழக்குக் கூப்பிடுற தவணை நாளுக்கு அவர் வராட்டி அந்த ரெண்டு பேரும்தான் பிணைக்காசுக்குப் பொறுப்பு" என்றார் சட்டத்தரணி.

நான் ஓம் என்றேன். இன்னொருவர்? வழியெல்லாம் வாய் ஓயாமல் வந்த சனம் இப்போது செருப்பைப் பார்த்தது. "என்ட அடையாள அட்டை வீட்டில" என்றார் மச்சான்.

தம்பியின் மாமி முக்காட்டை இழுத்துவிட்டு முன்னால் வந்தார். கலியாணம் முடித்ததிலிருந்து தம்பி அவர் வீட்டில்தான். அவனை ஏசாமல் அவருக்குப் பொழுது போகாது.

"நான் நிக்கிறன் சேர். அவன் எங்க ஓடுவான்? சோத்துக்கு என்ட வீட்டுக்குத்தானே வரணும்!"

சட்டத்தரணியே சிரித்துவிட்டார்.

பிணை கிடைத்தது. வேனில் ஏறியதும், "அப்ப வழக்கு முடிஞ்சிச்சா மாமி?" என்றான் தம்பி.

"எங்க முடிஞ்ச? ஒரு தவணைக்கு நீ வராம இருந்து பாரு, நானும் உன்ட நானாவும் தெருவில."

வேனே சிரித்தது. கையெழுத்து வைத்த அந்த நானா, அவன் அண்ணன், நான் மட்டும் சிரிக்கவில்லை.