நாலு பேர் போட்

1. கடை திறந்த நேரம்

காலை ஒன்பது பத்து. ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியபோது முதலில் தெரிந்தவை ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ. சேறு படாதவை. அவற்றிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு பெண்ணின் ரப்பர் செருப்பு. ஷட்டர் மேலே போகப் போக மற்றவை தெரிந்தன. ஷூவுக்கு மேலே ஜீன்ஸ் பேன்ட், தங்க நிற வாட்ச். செருப்புக்கு மேலே வாயில் புடவை, மடித்து அக்குளில் செருகிய துணிப்பை. கணவன் மனைவிதான். வரும் வழியில் பஸ்ஸில் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது அந்த இரண்டடியிலேயே தெரிந்தது.

மாயவரத்தில் அந்தக் கடையில் எனக்கு அப்போது மூன்றாவது வருடம். அதற்கு முன் ஒரு நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிப்பை நிறுத்தியதும் இங்கே விற்பனையாளனாக வந்தேன். தார்ப்பாய், நைலான் கயிறு, மீன் வலை, பம்புசெட் சாமான் விற்கும் கடை. வெளிநாட்டுச் சாமான் வருவதற்கு இருந்த தடைகள் தளர்ந்த காலம் அது. தெருவுக்கு ஓர் எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. எங்கள் முதலாளி ஹமீது பாய் சென்னைக்குப் போய் மூன்று சின்ன போட் வாங்கி வந்தார். ஒன்று ஃபைபர். மற்ற இரண்டும் காற்றடைக்கும் ரப்பர் போட். ஒன்று ஆறு பேருக்கு, ஒன்று நாலு பேருக்கு. கடை முழுக்கப் புது ரப்பர் வாசனை. அந்த வாசனை இப்போது எங்காவது வந்தால் நான் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

எல்லோரும் வந்து தட்டிப் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை. ஆற்றில் பாதி வருடம்தான் தண்ணீர், மீதி நாள் இதைப் பரணில் வைத்து எலிக்குக் கொடுப்பதா என்று கேட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று பாய் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லியிருந்தார். "வீட்ல எத்தனை பேருன்னு கேளுங்க தம்பி. அவங்க சொல்றதுல ரெண்டைக் கூட்டிக்குங்க. இந்த ஊர்ல யாரும் தனியா எங்கயும் போறதில்ல." தார்ப்பாய்க்கும் பந்தல் கயிற்றுக்கும் அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

2. எந்த போட்

வந்தவர் பெயர் தேவசகாயம். சீர்காழிக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தவர், லீவு முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மனைவி ரூத். இரண்டு பெண் குழந்தைகள்.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைப் பக்கம் போய் உட்காருவாராம். அங்கே குடும்பம் குடும்பமாகச் சின்ன போட்டில் வந்து, கூடாரம் அடித்து, மீன் பிடித்து, சுட்டுச் சாப்பிட்டு, ராத்திரி அங்கேயே தூங்குவதைப் பார்த்திருக்கிறார். தன் ஊருக்கு எதிரே ஆற்று நடுவில் ஒரு மணல் திட்டு இருக்கிறது; அதற்கு மனைவி மக்களைக் கூட்டிப் போக வேண்டும், பஸ்ஸிலோ வேனிலோ தூக்கிப் போகிற மாதிரி போட் வேண்டும் என்றார்.

"வீடு கட்டியிருக்கு. கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு. இவருக்கு ஆத்துக்குள்ள போய்ப் படுக்கணுமாம்" என்றார் ரூத். கணவரிடம் அல்ல, கயிற்றுச் சுருளிடம் சொல்வது போல.

நான் மூன்றையும் விளக்கினேன். போட் விற்க வரும் இளைஞர்களுக்கு இது உதவும். ஃபைபர் போட் பஞ்சர் ஆகாது. ஆனால் தூக்க நாலு ஆள் வேண்டும், வேன் கூரை வேண்டும். ரப்பர் போட் பையில் மடங்கும்; ஆனால் கருவேல முள்ளும் கிளிஞ்சலும் அதற்கு எமன். மணலில் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் வைக்க வேண்டும். உச்சி வெயிலில் உள்ளே காற்று விரியும் என்பதால் காலையில் டியூபைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். கம்பெனிக்காரன் எழுதாத ஒன்றும் உண்டு. நம் ஆற்றில் தூண்டில் போட்டால் கெளுத்தி மாட்டும். அதன் முள் ரப்பரில் இறங்கினால் போட் நடு ஆற்றில் மூச்சு விட்டுவிடும். அதனால் அடியில் ஈரச் சாக்கு விரிக்காமல் மீனை உள்ளே எடுக்கவே கூடாது.

தேவசகாயம் கவனமாகக் கேட்டார். ஃபைபர் வேண்டாம் என்று அவரே ஒதுக்கினார். நான் பாயின் பாடப்படி ஆறு பேர் போட்டை மடித்து வைத்திருந்த இரண்டு பெரிய பைகளையும் முன்னால் இழுத்து வைத்தேன். இன்றைக்கு நாலு பேர் போனாலும் நாளைக்கு மாமா வருவார், மச்சான் வருவார், இதுதான் தோது என்றேன். அவரும் சரி என்பது போலத் தலையாட்டினார்.

அதுவரை விலகியே நின்ற ரூத் பக்கத்தில் வந்து நாலு பேர் போட் இருந்த சின்னப் பையைத் தொட்டார்.

"இதுல அஞ்சாவதா ஒரு ஆள் ஏறினா என்ன ஆகும்?"

"ஏறக் கூடாதும்மா. சாமானோட நாலு பேருக்குத்தான் கணக்கு. லைஃப் ஜாக்கெட்டும் நாலுதான்."

"ரொம்பக் கேட்டா?"

"யாரும்மா கேப்பாங்க?"

"இவங்க சொந்தக்காரங்க" என்றார். பிறகு குரல் தணிந்தது. "இவரு வந்ததுலேருந்து வர்றவங்களுக்கு டீ போட்டுக்கிட்டே இருக்கேன் சார். ஃபோன்ல இவரு குரலக் கேட்ட அளவுக்குக்கூட வீட்ல கேக்கல."

தேவசகாயம் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கோடாலித் தைலம் கேட்டு வருபவர்கள் தொடங்கி இரவில் விசா கேட்டு வருபவர்கள் வரை வீட்டில் ஆள் குறைவதே இல்லை, யாரையும் போகச் சொல்லத் தனக்கு வாய் வருவதில்லை என்றார். சின்ன மகள் இன்னும் தன்னிடம் ஒட்டவில்லை என்பதையும் சொன்னார்.

"இதையே கட்டுங்க" என்றார் ரூத்.

அதற்குப் பிறகு எத்தனையோ போட் விற்றிருக்கிறேன். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று மட்டும் கேட்டு நிறுத்தியதில்லை. யார் கரையில் நிற்க வேண்டும் என்பதையும் எப்படியாவது தெரிந்துகொண்டுதான் பையை எடுத்துக் கொடுத்தேன்.

3. கொள்ளிடக் கரை

விற்ற முதல் போட் என்பதால் கூடவே போய் இறக்கிக் கொடுத்துவிட்டு வரும்படி பாய் என்னை அனுப்பினார். அது கவிழ்ந்தால் கடையும் கவிழ்ந்த மாதிரிதான் என்பது அவர் கவலை.

சனிக்கிழமை காலை நான் போனபோது கரையில் இரண்டு வேன்கள் நின்றன. தேவசகாயம் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சின்ன மகள் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அத்தைகள், சித்தப்பாக்கள், அவர்கள் பிள்ளைகள், தேக்சாவில் பிரியாணி. வழியனுப்ப வந்தோம் என்றார்கள். திட்டில் முதலை இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, முதலையெல்லாம் அணைக்கரைப் பக்கம்தான், இங்கே உப்புத்தண்ணீர் ஏறுவதால் வராது என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார்.

நான் மணலில் போட்டை விரித்துக் கால் பம்பால் காற்றடித்தேன். கடைசி வால்வை மூடித் தூக்கிப்போய்த் தண்ணீர் விளிம்பில் வைத்ததும் தேவசகாயத்தின் அக்காள் கணவர் செல்லதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் மகனுக்கு சிங்கப்பூரில் வேலை வாங்கித் தருவதாகப் பேச்சு. லீவு முழுக்க அதைப் பேசத்தான் தினமும் வந்துகொண்டிருந்தாராம். போட்டில் வைத்து நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

ரூத் என்னைப் பார்த்தார். "சார், எத்தனை பேருன்னு அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"நாலு பேருன்னு போட்டுலயே அச்சடிச்சிருக்குங்க" என்றேன்.

செல்லதுரை அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார். "இது வெள்ளக்காரன் எடைக்குப் போட்டது. நம்ம ஆளுங்க ஆறு பேரு தாராளமா ஏறலாம். மாப்ள, நீ ஏறு."

கரையில் சிரித்தார்கள். பெரிய மகள் தான் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டின் வாரை அவிழ்க்கத் தொடங்கினாள். யாராவது இறங்க வேண்டும் என்றால் அது தானாகத்தான் இருக்கும் என்று அவள் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. ரூத் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேவசகாயம் குனிந்து மகளின் வாரைத் திரும்பப் பூட்டினார்.

"அத்தான், எறங்குங்க."

அவர் குரல் உயரவில்லை. சிரிப்பு நின்றது.

"உங்க பையன் விஷயத்தை நான் மறக்க மாட்டேன். போனதும் சூபர்வைசரப் பாத்துப் பேசுறேன். இந்த ரெண்டு நாள் மட்டும் இவங்களோட இருந்துக்கிறேன்."

செல்லதுரை டியூபைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வேட்டி நுனி நனைந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் தேக்சா இருந்த இடத்துக்குப் போய், ஒரு தூக்குவாளி நிறையப் பிரியாணி அள்ளிக்கொண்டு வந்தார். "புள்ளைங்க மீன் கெடைக்கிற வரைக்கும் பட்டினி கெடக்குமா? பிடி." சூடான வாளியை ரப்பர் மேல் வைக்க விடாமல், நான் ஈரச் சாக்கை மடித்துக் கீழே போட்டேன்.

நாலு பேரும் ஏறினார்கள். தேவசகாயத்துக்குத் துடுப்புப் போட வரவில்லை. போட் முதலில் ஒரு சுற்றுச் சுற்றியது. கரையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை கத்தினார்கள். ரூத் இன்னொரு துடுப்பை எடுத்தார். அதற்குப் பிறகு நேராகப் போனது.

கரையில் பாய் விரித்து எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கும் இலை போட்டார்கள். திட்டில் கூடாரத்தின் நீலத்துணி எழுந்ததைப் பார்த்த பிறகு செல்லதுரை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஆறு பேரு போட்டும் ஒண்ணு இருக்காமே. அது என்ன வெலைங்க?" என்றார்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து அதை வாங்கிப் போனார். ஞாயிறு ஆராதனைக்கு மைத்துனன் குடும்பம் திட்டிலிருந்து வரவில்லை, பெஞ்சு காலியாக இருந்தது என்று சொன்னார். திங்கட்கிழமை இரவே தேவசகாயம் சென்னைக்கு பஸ் ஏறியிருந்தார்.