தொட்டியை நக்கிய மாடுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கிற லாரி என்னுடையது. அந்தப் பண்ணைக்காரர்களில் ஆர்லன் டோலெஃப்சனைப் போல ஓர் உழைப்பாளியைப் பார்த்ததில்லை. அத்தனை பிடிவாதக்காரனையும் பார்த்ததில்லை. போன வசந்தத்தில் தொழுவத்துக்குப் புது வயரிங் போட்டதும் அவனேதான்.

அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு மாடுகளும் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. இரும்புத் தொட்டியில் வாயை வைக்காமல், பூனை மாதிரி நாக்கு நுனியால் நக்கிவிட்டு விலகின. பால் பாதியானது. மருத்துவர் வந்தார், தீவனத்தை மாற்றினார்கள், பலனில்லை. இரண்டு கன்றுகள் செத்தன. ஆத்திரம் தலைக்கேறிய ஆர்லன், டாட் என்ற மாட்டைக் குழாயால் அடித்தே தொட்டிப் பக்கம் தள்ளினான். பார்த்துக்கொண்டிருந்த நான் தடுக்கவில்லை. அது என் தப்பு.

சனிக்கிழமைக்குள் தேறாவிட்டால் மந்தை முழுவதும் ஏலத்துக்குப் போகும். அவன் மனைவி வெர்னா, அவனைக் கேட்காமலே எலக்ட்ரீஷியன் ட்வெய்னை வரவழைத்தாள். பால் எடுக்கப் போயிருந்த நானும் அப்போது தொழுவத்தில் இருந்தேன். ட்வெய்ன் தொட்டிக்கும் தரைக்கும் இடையே மீட்டரை வைத்து, முள் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, நேராகப் போய்த் தொழுவத்து மின்பெட்டியைத் திறந்தார்.

"எந்தப் புண்ணியவான் வேலை இது? வெள்ளை வயரையும் பச்சை வயரையும் சேத்து முடுக்கியிருக்கு!"

"நான்தான்," என்றான் ஆர்லன். "வீட்டுப் பெட்டியில அப்படித்தானே இருக்கு?"

"அது மெயின் பெட்டி. அங்க மட்டுந்தான் சேரணும். இங்க பிரிஞ்சே இருக்கணும்யா. வெள்ளை நியூட்ரல், போன கரண்ட் திரும்புற வழி. பச்சை எர்த். கரண்ட் தப்பி இரும்புல பாஞ்சாத்தான் அதுக்கு வேலை. மத்த நாள் சும்மா கெடக்கணும். நீ சேத்துட்டே, திரும்புற கரண்ட் பச்சையிலயும் ஓடித் தொட்டியில ஏறிடுச்சு."

"எனக்கு ஒரு தடவகூட ஷாக் அடிக்கலையே!"

"ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு நின்னா எப்படித் தெரியும்? மாடு ஈரத்தரையில நிக்குது. நாக்கு தண்ணியில பட்டாப் போதும்."

ட்வெய்ன் இரண்டையும் பிரித்துவிட்டு மறுபடி மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை.

ஆர்லன் டாட்டைத் தொட்டிக்கு இழுத்து வந்தான். அது நடுங்கிக்கொண்டு பின்வாங்கியது.

"குடிடி. இனிமே ஒண்ணும் செய்யாதுடி. குடிடி தங்கம்..." தடவிக்கொடுக்கக் கையை நீட்டினான்.

வெர்னா அவன் தோளைத் தொட்டாள். "ஆர்லன், அது தொட்டியைப் பாக்கவே இல்ல. உன் கையைத்தான் பாக்குது. நீ வெளிய போ."

அவன் என்னோடு வெளியே வந்து என் லாரியருகில் நின்றான். வெகுநேரம் கழித்து உள்ளே மாடு மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. ஆர்லன் இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டு அழுதான்.