தராசுப் பாட்டு

பக்கத்து வீட்டுப் பெண் கிட்டார் வாங்கியிருக்கிறாள். கல்லூரியில் படிக்கிறவள். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு வரி பாடுவாள், நிறுத்துவாள், மறுபடியும் அதே இரண்டு வரி. நேற்று என்னைப் பார்த்ததும், "பாட்டே வரமாட்டேங்குது அங்கிள். கொடைக்கானல் போய் நாலு நாள் இருந்தா வரும்னு நெனைக்கிறேன்" என்றாள். போய் வாம்மா என்றேன். எனக்குப் பாட்டு வந்த இடத்தை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் என் அப்பாவின் மளிகைக் கடை. மிளகாய் வத்தல், புண்ணாக்கு, மண்ணெண்ணெய், சவுக்காரம் எல்லாம் கலந்த நெடி. இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் பட்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். எழுபதுகளின் தொடக்கம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அங்கே பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்தபோது அவர்களுடைய பழைய கிட்டார் என் கைக்கு வந்தது. வத்தல் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு முனகல். "உசுரோட இருக்கா?" என்று கேட்டார். அந்த வத்தல் கார நெடி கிட்டாரை விட்டுக் கடைசிவரை போகவில்லை. உருக்கமான இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தும்மல் வரும்.

சினிமாப் பாட்டுகளைக் கேட்டு நானே வாசிக்கப் பழகினேன். பிறகு சொந்தமாக எழுதும் ஆசை வந்தது. கடலைப் பற்றி எழுதினேன், பனியைப் பற்றி எழுதினேன். கேட்க இருந்த ஒரே ஆள் எதிர் சைக்கிள் கடை கருப்பசாமி. ஒரு தடவை கேட்டால் போதும், எந்தப் பாட்டும் அவனுக்கு மனப்பாடம். "ஏலே, நீ கடல எங்க பாத்த? நம்ம கம்மாயில ஆடு மேயுது" என்பான்.

அப்பா என்னை அடித்ததில்லை. பாடச் சொல்வார், அவ்வளவுதான். நரிக்குடிப் பக்கமிருந்து வியாபாரிகள் வந்து உட்கார்ந்தால், "எங்க வீட்டு வித்துவான் பாடுவாரு, கேட்டுட்டுப் போங்க" என்பார். நானும் முதல் இரண்டு மூன்று முறை பெருமையாகத்தான் பாடினேன். நல்ல இடம் வரும்போது, "சரி, அண்ணாச்சிக்குத் தொவரம் பருப்பக் கட்டு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் அப்படிச் சிரித்து முடித்து அவர்கள் எழுந்து போனபின், மத்தியான வெயிலில் மூட்டைமேல் சாய்ந்து கிடந்தேன். எதிரே கடைத் தராசு தொங்கியது. கடலும் பனியும் இல்லாமல் நாலு வரி தானாக வந்தது.

எல்லாத்தையும் நிறுத்த கையி
எட கொறைச்சுப் போட்டதில்ல
பெத்த புள்ள ஏறி நின்னா
பேருக்கொரு கல்லுமில்ல

அதற்குமேல் இருபது வரி. கருப்பசாமி கேட்டுவிட்டுக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பாலவனத்தத்தில் அவன் தங்கை கல்யாணம். பந்தி முடிந்ததும் என்னைப் பாடச் சொன்னான். அப்பாவும் வந்திருந்தார். முழுப்பாட்டையும் பாடினேன். மல்லாங்கிணற்று வியாபாரி ஒருவர் அப்பாவிடம், "ஒங்க மகன் பாட்டு நெஞ்ச அறுக்குது அண்ணாச்சி" என்றார். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டு தலையாட்டினார். உண்மையைச் சொன்னால், அந்தத் தலையாட்டலுக்கே நான் குளிர்ந்துபோனேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். அப்பா சவுக்காரக் கட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். துணி துவைக்கிற அந்த நீளக் கட்டியை அப்போதெல்லாம் கம்பி வைத்துத்தான் அறுப்போம். அன்றைக்குக் கம்பி புதிதாக மின்னியது. என் கிட்டாரின் முதல் கம்பி.

"நெஞ்ச அறுக்குதுன்னு சொன்னாக. சவுக்காரத்த அறுக்குதான்னு பாத்தேன்" என்றார். ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் அறுக்குது."

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கம்பியை என்னிடம் நீட்டினார். வாங்கி மிச்சத்தை அறுத்தேன். வேறென்ன செய்திருக்கலாம் என்று இத்தனை வருஷம் யோசித்தும் தெரியவில்லை.

சவுக்கார ஈரத்தில் கம்பி துருப்பிடித்ததும் இரண்டாவது கம்பி வந்தது. தடித்த கம்பிகளில் வாழைத்தார் தொங்கியது. வீட்டில் கிட்டார் மொட்டையாகக் கிடந்தது. ஆனால் என் நல்ல பாட்டுகளெல்லாம் அந்த வருஷங்களில்தான் வந்தன. கம்பியை இழுத்துப் பிடித்தால் மெலிதாக ஒரு சத்தம் வரும். அதைச் சுருதியாக வைத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே கட்டுவேன். அப்பா எதிரே உட்கார்ந்து கணக்கு சொல்லிக்கொண்டிருப்பார். கடை சாத்தியபின் கருப்பசாமியிடம் பாடிக் காட்டுவேன். எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் அந்தத் தாளில் கடுகு மடிக்கப்படும் என்று தெரியும்.

பிறகு அப்பாவுக்கு வாதம் வந்து பேச்சும் வலது கையும் போயின. அம்மா என்னிடம், "ஏய்யா, அவுக சும்மாவே கெடக்காக. ஒரு பாட்டுப் பாடு" என்றாள். கட்டிலருகே உட்கார்ந்து தொடங்கினேன். அப்பா இடது கையை மெதுவாக, வெகு சிரமப்பட்டுத் தூக்கினார். என்னை ஆசீர்வதிக்கப் போகிறார் என்று அம்மா நினைத்தாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அவர் இறந்த மாதமே கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டேன். கடையும் என்னுடையது, தடுக்க ஒருவருமில்லை. ஒரு வரி வரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மனுஷரோடு என் பாட்டும் போய்விட்டது என்பதை நம்ப வெகுநாள் பிடித்தது. கடையையும் ரோடு அகலப்படுத்துகிறோம் என்று பின்னால் இடித்துவிட்டார்கள்.

பழைய பாட்டுகளும் எனக்கு மறந்துகொண்டே வந்தன. கருப்பசாமி இருக்கிறான் என்ற தைரியத்தில் கவலைப்படவில்லை. போன ஐப்பசியில் திருச்சுழியில் அவன் மகள் வீட்டுக்குப் போனேன். "அப்பாவுக்கு இப்ப யாரையும் தெரியல மாமா" என்றாள் மகள். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஞாபகத்தில் இருந்த ஒரு பாட்டின் பாதியைப் பாடினேன்.

கருப்பசாமி கவனமாகக் கேட்டான். "நல்லாருக்குங்கய்யா. மிச்சத்தையும் பாடுங்க" என்றான்.