எவரிஸ்தோவின் ஒரே ஒரு பொய்ப் படம்

இத்தாலியில் பெர்காமோ ஊரில் முகம் வரைந்துகொள்ள ஓவியர் எவரிஸ்தோவிடம் போவதும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் எதையும் மறைக்க முடியாது. பாதிரியாராவது கேட்டதை வெளியே சொல்லமாட்டார். ஒருமுறை நீதிபதியின் மனைவி கெஞ்சிப் பார்த்தாள்.

"இந்த ரெண்டாவது தாடைய மட்டும் விட்டுடக் கூடாதா?"

"குடுத்தவர் ஆண்டவர்மா. எடுக்கணும்னா அவர்கிட்டதான் கேக்கணும்."

அந்த அம்மாள் இன்றைக்கும் இரண்டு தாடையோடுதான் தன் வரவேற்பறையில் தொங்குகிறாள். ஊர் எவரிஸ்தோவைத் திட்டியது. திட்டிக்கொண்டே அவரிடம்தான் போயிற்று. வெளியூரில் சம்பந்தம் பேசினால் முதலில் பெண்ணின் படம் போகவேண்டும். எவரிஸ்தோ வரைந்த படம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

அவர் மகள் ஒர்சொலாவுக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. உயிரை விட்டுவைத்து, கன்னமெல்லாம் தழும்பையும் வைத்துவிட்டுப் போயிற்று. இருபத்தாறாவது வயதில்தான் முதல் வரன் வந்தது. பக்கத்து நகரமான பிரெஷாவில் துப்பாக்கி செய்கிற பாத்திஸ்தா, குடியில்லாத நல்ல வேலைக்காரன். வழக்கம்போலப் படம் கேட்டார்கள்.

முப்பது வருஷம் பொய் சொல்லாத தூரிகை அன்றைக்கு வாய் கூசாமல் சொல்லிவிட்டது. ஒரு தழும்புகூட இல்லை.

ஒர்சொலா எட்டிப் பார்த்தாள். "யாருப்பா இது?"

"நீதாண்டி."

"நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டுச் சோளக்களி கிண்டப் போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் பங்குப் பாதிரியார் லிபெராலே பாத்திஸ்தாவின் பதிலோடு வந்து உரக்கப் படித்தார். "எவரிஸ்தோ ஐயா இல்லாததை வரையமாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் யோசிச்சேன். சின்ன வயசுல அம்மை போட்டு என் முகமெல்லாம் தழும்பு. இவ்வளவு அழகான பொண்ணு வாழ்நாள் பூரா இதப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம். மன்னிச்சிருங்க."

எவரிஸ்தோ எழுந்து தூரிகையைத் தேடினார். "சாமி, உள்ளபடியே இன்னொண்ணு வரைஞ்சு அனுப்பறேன்."

"இனிமே அனுப்பினா நம்புவானா? பாவம்னு பாத்துத் தழும்பு வச்சு அனுப்பியிருக்கீங்கன்னு நினைப்பான்."

"படமே வேண்டாம்" என்றாள் ஒர்சொலா. "நாளைக்குப் பிரெஷா வண்டியில நானே போறேன். சாமி, நீங்க துணைக்கு வாங்க."

"ஒரு பொண்ணு தானாப் போய் நிக்கறதா? ஊர் சிரிக்காதா?" என்றார் அப்பா.

"சிரிக்கட்டும். என் மூஞ்சியப் பாத்தா அவர் பயந்துடுவார்னு நினைச்சீங்க. அவர் பயந்தது நீங்க வரைஞ்சதப் பாத்து."

எவரிஸ்தோ அழுதுவிட்டார். ஊரில் எத்தனையோ பேரை அழவைத்த மனுஷன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வாங்க. அங்க வந்து என் மூஞ்சிக்காக நீங்க வெக்கப்படாம இருந்தா போதும்."